மீசை இழுத்த கோடு

மீசை என்று எல்லாரும் கூப்பிட்ட அந்த சலூன்காரருக்கு மீசையே கிடையாது. தெருவில் பாதி ஆண்பிள்ளைகளுக்கு மீசை ஒதுக்கிவிட்டவர், தன் மேலுதட்டில் ஒற்றை முடியைக்கூடத் தங்கவிட்டதில்லை. ஏன் என்று கேட்டால், “செருப்புக் கடைக்காரன் கடைக்குள்ள வெறுங்காலோட உட்கார்ந்திருக்கான், முதல்ல அவனைப் போய்க் கேளு” என்பார். பதில் சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். மனுஷர் பேச்சே அப்படித்தான்.

கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் மச்சினனுடையது, அதாவது மனைவியின் தம்பி. முடிவெட்ட எந்த நாற்காலி காலியோ அதில் உட்காருவார்கள். சவரத்துக்கு மட்டும் மீசையின் நாற்காலிதான் வேண்டும். அது காலியாகிறவரை பெஞ்சில் பேப்பரைப் புரட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கத்தி கன்னத்தில் இறங்குவதே தெரியாது. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர், நுரை போட்டதுமே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். அவராக எழுந்திருக்கும்வரை மீசை எழுப்பமாட்டார். “கழுத்தை நம்ம கையில கொடுத்துட்டு ஒருத்தன் தூங்கறான்யா. இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?” என்பார்.

அந்த டிரைவர்தான் அவரை இன்னொரு பைத்தியத்தில் இழுத்துவிட்டவர். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் இரண்டு பேரும் பக்கத்துத் தெருவில் பல்லக்காவின் பட்டறைக்குப் போய்விடுவார்கள். பல்லக்கா டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்கிறவள். மூன்று பேரில் வயதில் சின்னவள் அவள்தான், ஆனாலும் ஊருக்கே அக்கா. அங்கே மூன்று பேரும் சேர்ந்து சின்னக் கார் செய்வார்கள். பொம்மைக் கார் என்று அவர்கள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள். நிஜ வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. கதவுக் கைப்பிடியிலிருந்து வைப்பர் வரை எல்லாம் இருக்கும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும் துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அவர்கள் குடிக்கிற டீயில் ஒரு நிஜக் காரையே மிதக்கவிடலாம்.

ஆளுக்கு ஆள் தங்கள் தொழிலிலிருந்து எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். பல்லைத் தேய்க்கிற குட்டி டிரில்லில்தான் சக்கரத்துக்குத் துளை விழும். டிரைவர் ஊசி இல்லாத சிரிஞ்சு கொண்டுவருவார். பெயிண்டுக்குத் தின்னர் அளக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. மீசை கொண்டுவருவது, வெட்டிய முடியைக் கழுத்திலிருந்து தட்டிவிடுகிற மெத்தென்ற பிரஷ். பெயிண்ட் அடிக்கும் முன்னால் வண்டிமேல் ஒரு தூசி இருக்கக்கூடாது. தரையில் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்தி, மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து டிரைவருக்குத் தும்மல் வரும். “வெளியே போய்யா! நீ தும்மினா வண்டிக்கு அம்மை போட்டுடும்” என்று மீசை பிடரியைப் பிடித்துத் தள்ளுவார்.

அங்கே ஒரே ஒரு சட்டம்தான். அடுத்தவர் வண்டியில் கை வைக்கக்கூடாது. கோணலாக ஒட்டினாலும் அது அவரவர் கோணல். இந்தச் சட்டத்துக்கு ஒரே விலக்கு, கோடு. ஜன்னலைச் சுற்றி ஓடுகிற வெள்ளிக் கோடு, பக்கவாட்டில் நீளமாகப் போகிற வண்ணக் கோடு, எல்லாம் மீசைதான் போடவேண்டும். வேறு இடங்களில் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் பெயிண்ட் தடவி, டேப்பை உரித்துக் கோடு எடுப்பார்கள். மீசைக்கு டேப் என்றாலே இளக்காரம். மெல்லிய பிரஷ்ஷை எனாமல் பெயிண்டில் தொட்டு, சுண்டுவிரலை வண்டிமேல் ஊன்றி, ஒரே இழுப்பு. அலமாரியில் இருந்த அத்தனை வண்டிகளிலும் அவர் கோடுதான் ஓடியது. கோடு போட்ட வண்டியை மூடிபோட்ட டப்பாவில் வைத்துவிட்டு வந்தால், அடுத்த ஞாயிறு காய்ந்திருக்கும். வண்டியைக் கையில் எடுத்ததும் அவர் முதலில் செய்வது, கட்டைவிரல் நகத்தைக் கோட்டின் ஓரத்தில் குறுக்கே ஓட்டிப் பார்ப்பதுதான். அவர் கோட்டில் நகம் தட்டாது. பல்லக்கா வீண் துண்டுகளில் டேப் வைத்துப் பழகுகிற கோட்டில் சில நேரம் தட்டும். “டேப் வெச்சே தீருவேன்னா ஈரத்துலயே உரிச்சுடுக்கா. காயவிட்டு உரிச்சா ஓரத்துல வரப்பு நின்னுடும்” என்று அவர் சொல்லிச் சொல்லிப் பல்லக்காவுக்கே காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்ட கையில்தான் நடுக்கம் வந்தது.

முதலில் டீ டம்ளரில் வந்தது. பிறகு சட்டைப் பித்தானில். ஒரு நாள் காலை, வாடிக்கையாக வருகிற மளிகைக்காரரின் தாடைக்குக் கீழே கத்தி கீறிவிட்டது. பெரிய காயமில்லை. படிகாரத்தைத் தேய்த்ததும் ரத்தம் நின்றுவிட்டது. “ஆனைக்கும் அடி சறுக்கும் மீசை, விடு” என்று சிரித்துக்கொண்டேதான் அவர் போனார். ஆனால் அடுத்த முறை மச்சினன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். யாரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இது கூடுமே தவிரக் குறையாது என்று சொல்லிவிட்டார். மீசை கத்தியை மடித்து இழுப்பறையில் வைத்தார். கல்லாவில் உட்கார்ந்தார், துண்டு மடித்தார், கண்ணாடி துடைத்தார். வீட்டில் மனைவி, “இத்தனை வருஷம் நின்னீங்களே, கொஞ்சம் உட்காருங்களேன்” என்றாள். அவளும்தான் பாவம் வேறென்ன சொல்வாள்! அவருக்கோ ஒவ்வொரு நாளும் யுகமாகப் போனது.

ஞாயிறு மட்டும் மிச்சமிருந்தது. அங்கேயும் பயந்துகொண்டேதான் பிரஷ்ஷைத் தொட்டார். கோடு லேசாக அலைந்தது. “எனாமல்தானே, காயறப்போ தானாப் படிஞ்சு சமனாயிடும்ணே” என்றாள் பல்லக்கா. அடுத்த ஞாயிறு டப்பாவைத் திறந்தால், கோடு நூல் பிடித்தமாதிரி நின்றது. நகத்தை ஓட்டினார், தட்டவில்லை. அதற்கடுத்த வண்டியும் அப்படியே. எனாமல் சின்னப் பள்ளம் மேட்டைத்தான் நிரப்பும், கோணலை நிமிர்த்தாது என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் நம்ப ஆசைப்படுகிறவனுக்குச் சாட்சி எதற்கு? “பார்த்தியா, கடையில ஆடற கை இங்க வந்தா அடங்கிடுது. நோய் கையில இல்லப்பா, மனசுலதான்” என்று டிரைவரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மனைவியிடமும் சொன்னார். அவள் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தச் சமயம் டிரைவர் தான் ஓட்டிய ஆம்புலன்ஸையே சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். வெள்ளை வேன், இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டையும் மீசைதான் போட்டார். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: “அடுத்த வாரம் கடையில மறுபடியும் கத்தியை எடுக்கப்போறேன்.”

இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. பல்லக்கா கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது.

“எதுக்குப்பா அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே” என்றார் டிரைவர்.

“அங்க உட்கார்ந்து துண்டு மடிக்கிறதுக்கு நான் செத்தே போகலாம்யா. இந்தக் கோட்டைப் போடற கைக்கு ஒரு கன்னத்தை வழிக்கத் தெரியாதா?”

பல்லக்கா வாயைத் திறந்தாள். டிரைவர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு டிரைவர்தான், “சரி. ஆனா முதல் சவரம் எனக்குத்தான். வேற எவனையும் உட்காரவைக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றார். மீசைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

சொன்ன நாளில், கடை திறந்த கையோடு டிரைவர் வந்துவிட்டார். கையில் ஒரு டப்பா. உள்ளே அந்த வெள்ளை வேன். “கண்ணாடிக்குக் கீழே வெச்சுக்க. நான் ஓட்டினதும் நீ கோடு போட்டதும் இங்கேயே இருக்கட்டும்” என்று கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாள் தாடி, வெள்ளை வெளேரென்று. மச்சினன் பக்கத்து நாற்காலியைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றான்.

மீசை துண்டைப் போர்த்தினார். வெந்நீரில் துணியை நனைத்துக் கன்னத்தில் வைத்தார். நுரை போட்டார். பிரஷ்ஷுக்கு நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை; நுரை பொங்கி நின்றது. கத்தியைத் தோல்வாரில் தீட்டி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கை பழக்கத்தில் அந்த வேனை எடுத்தது. கட்டைவிரல் நகம் சிவப்புக் கோட்டின் ஓரத்துக்குப் போனது.

நகம் தட்டியது.

இன்னொரு தடவை ஓட்டினார். தட்டியது. அந்தப் பக்கம் திருப்பி ஓட்டினார், அங்கேயும் தட்டியது. ஓரம் நெடுக மெல்லிய வரப்பு. டேப்பைக் காயவிட்டு உரித்த வரப்பு. அவர் வாழ்நாளில் எந்த வண்டிக்கும் டேப் வைத்ததில்லை.

கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டுமா? எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் படியிறங்கிப் போனதும், ஈரம் காய்வதற்குள் அந்தக் கோணல் கோட்டைத் துணியால் துடைத்து எடுத்திருக்கிறார்கள். அடியில் முன்பே காய்ந்திருக்கும் வண்ணத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிறகு டேப் ஒட்டி, புதுக்கோடு போட்டு, ஈரத்திலேயே உரித்து, அவர் சொல்லிக்கொடுத்தபடி அவரையே ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த ஒரு தடவை மட்டும் யாரோ கூப்பிட்டிருப்பார்கள், பல்லக்கா எழுந்து போயிருப்பாள், டேப்பை உரிப்பதற்குள் பெயிண்ட் காய்ந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தது. திட்ட நிமிர்ந்தவர் கண்ணாடியைப் பார்த்தார்.

நாற்காலியில் சாய்ந்திருந்த டிரைவர் குறட்டை விடவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தார். துண்டுக்கு அடியில் இரண்டு கையும் நாற்காலிப் பிடியை நெரித்துக்கொண்டிருந்தன. எல்லாம் தெரிந்துதான் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். கீறினாலும் தன்னைத்தான் கீறட்டும், வேறு யாராவது எழுந்து கூச்சல் போட்டு இவர் மானம் போகவேண்டாம் என்று வந்திருக்கிறார். அடப்பாவி மனுஷா!

மீசை வேனைக் கீழே வைத்தார். கத்தியை எடுத்தார். அது அவர் கையில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்து, சத்தமில்லாமல் கத்தியை மடித்து வைத்தார். ஈரத்துண்டை எடுத்து நுரை முழுவதையும் துடைத்தார். தண்ணீர் தெளித்து, ஒற்றி எடுத்து, கொஞ்சம் பவுடர்கூடப் போட்டார்.

“முடிஞ்சுது. பாரு.”

டிரைவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் அதே வெள்ளைத் தாடி. அதை வெகுநேரம் பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்துக் கன்னத்தைத் தடவினார்.

“நல்லா வழவழன்னு இருக்குப்பா” என்றார்.

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்யா” என்றார் மீசை. “அக்காகிட்டயும் சொல்லு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், டேப்பை ஈரத்துலயே உரிக்கணும்னு.”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மீசை மடித்த கத்தியை மச்சினன் பக்கம் நீட்டினார். “மாப்ளே, இந்தா. இனிமே இது உன்னுது. ஐயாவுக்கு நுரை போட்டுப் பார்த்துப் பண்ணிவிடு.”

“மாமா...” என்றான் அவன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

மீசை போய் வாடிக்கையாளர்கள் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தார். அது படபடவென்று சத்தம் போட்டது. மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மறுபடியும் நுரை ஏறிய முகத்தோடு டிரைவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மச்சினன் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

“ஆடாதீங்கய்யா” என்றான். “கத்தி பட்டுடும்.”