வெடிச் சத்தம் ஆகாத பிள்ளை

என் மகள் பேச மாட்டாள். ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொன்னபோது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. இப்போது பன்னிரண்டு. மகன் அவளுக்கு நான்கு வயது இளையவன். அவன் பேச்சை நிறுத்த மாட்டான், ஓரிடத்தில் உட்கார மாட்டான். அவனுக்கும் டாக்டர் ஒரு பெயர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள், "இவன் பேச்சுல பாதிய அவளுக்குக் குடுத்திருக்கலாம்" என்று சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நானும் கூடச் சிரித்தேன்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைகளுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே இருமுவார்கள். என் மகளுக்கு அந்த நெடி ஒன்றும் செய்யாது. சத்தம்தான் ஆகாது. குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டுவாள். அதனால் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டேன். பானையில்தான் சோறு. தீபாவளிக்கு அவள் காதில் பஞ்சை வைத்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருப்போம்.

என் கணவர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறார். காலண்டர் சீசனில் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். மாமியாருக்கு முட்டுவலி. பிள்ளைகளோடு எனக்குத் துணையாக இருந்தது என் நாத்தனார்தான். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மகளின் தலையை நாங்கள் யார் தொட்டாலும் அலறுவாள். நாத்தனார் மட்டும் சீப்பை முதலில் தன் கையில் இழுப்பாள், பிறகு அவள் கையில், பிறகு தோளில், கடைசியாக முடியில். ஒரு சடை பின்ன ஒரு காலைப்பொழுதே போகும். அவள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நாத்தனாருக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது, என் மகள் அவர்கள் முன்னால் நின்று கையை உதறி உதறிக் குதித்தாள். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வாள். போனவர்களிடமிருந்து பதிலே இல்லை. தரகர்தான் இழுத்து இழுத்துச் சொன்னார், "வீட்ல அப்படி ஒரு பிள்ள இருக்குன்னு யோசிக்காக."

அடுத்த வரன் வரும் நாளில் மாமியார் உளுந்தைப் புடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சாயங்காலம் பிள்ளைகள எங்கயாவது கூட்டிட்டுப் போயிட்டு வாரியாம்மா?"

"சரி அத்தை" என்றேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்பார டிக்கெட் எடுத்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். கூட்ஸ் வண்டி தடதடத்துப் போகும்போது மகள் காதைப் பொத்தவில்லை. குக்கர் விசிலைத் தாங்காதவள் அந்தச் சத்தத்தை எப்படித் தாங்கினாள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மகன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் எந்த ஊருக்கு என்று விசாரித்தான். இருட்டின பிறகு என் கணவர் போன் செய்தார். "போயிட்டாக. வாங்க."

அதன் பிறகு வரன் வரும்போதெல்லாம் ஸ்டேஷன்தான். ஒருநாள் காலை நான் இட்லி அவித்துக்கொண்டிருந்தபோது, மகன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "அம்மா, இன்னைக்கு அத்தையப் பொண்ணு பாக்க வாராக. நம்ம ஓடிரணும்ல?" பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நாத்தனார் துருவியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சிவகாசி மாப்பிள்ளை அமைந்தார். பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் குடும்பம். பேத்திக்குப் பேச்சு கொஞ்சம் லேட்டு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மாமியார் என்னிடம் வந்தார்.

"மாப்பிள்ள வீட்ல வெடிக்கா பஞ்சம்? மண்டபத்து வாசல்ல போட்டுத் தள்ளிருவாக. பிள்ள தாங்காதும்மா."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் தாங்க மாட்டாள்தான். உண்மையைச் சொல்லி ஒதுக்கும்போது எதிர்த்துப் பேச வழியில்லாமல் போய்விடுகிறது. என் கணவர், "அம்மாட்ட ஒரு வார்த்த பேசிப் பாக்கட்டுமா?" என்றார்.

"என்னன்னு பேசுவீக? வெடி போடாதீகன்னா? சிவகாசிக் கல்யாணத்துலயா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

கல்யாணத்தன்று வேன் கிளம்புமுன் நாத்தனார் வந்து, வெளியே எல்லாரும் கூப்பிடக் கூப்பிட, மகளுக்கு நிதானமாகச் சடை பின்னினாள். பிறகு மகனையும் ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது. பட்டுப்பாவாடையை நான் எதற்காகக் கட்டிவிட்டேன் என்று தெரியவில்லை. உடம்பை உறுத்தவும் மகள் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பழைய கவுனை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் மோர்சாதம் சாப்பிட்டோம்.

மகன் திரும்பி வந்ததும் வராததுமாகச் சொன்னான்: "எங்கக்கா பேச மாட்டா, அதான் வீட்டுல விட்டுட்டு வந்துட்டாகன்னு எல்லார்ட்டயும் சொன்னேன்மா." மணமேடையில் ஏறி, மாப்பிள்ளையின் அம்மாவிடமே சொல்லியிருக்கிறான். அவனை யாரும் திட்டவில்லை. அந்த அம்மா அவன் கையில் ஒரு லட்டைக் கொடுத்தாராம். அதன் பிறகு பந்தி முடியும்வரை என் மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

நாத்தனார் மாசமானதும் வரத்து நின்றது. போனில் அழுதாள். "மாசமா இருக்கவ அந்தப் பிள்ளையப் பாக்க வேண்டாம்கிறாக மதினி." அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அதற்குள் மகளின் முடி சிக்கேறி, பின்மண்டையில் கட்டி போலத் திரண்டுவிட்டது. நாத்தனார் செய்த மாதிரியே நானும் சீப்பை என் கையில் இழுத்து, அவள் கையில் இழுத்துப் பார்த்தேன். தோளுக்குப் போவதற்குள் என்னைக் கடித்தாள். ஒரு மதியம் அவள் தூங்கும்போது கத்தரிக்கோலை எடுத்து ஒட்ட வெட்டிவிட்டேன். எழுந்தவள் தலையைத் தடவினாள். பிறகு தலையணையைப் புரட்டிப் புரட்டித் தேடினாள்.

தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. ஆஸ்பத்திரி பக்கம் என்று சொல்லி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாமியார்தான் பஸ் ஏறிப் போய் வந்தார். "எம்மக தலப்பிரசவத்துக்கு எங்கிட்ட வரலயே" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். யாரால் என்று சொல்லவில்லை. சொல்லாததற்காக அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

குழந்தை குப்புற விழும் பருவத்தில் ஒருநாள் நாத்தனார் வந்தாள். என் மகள் அவளை உடனே கண்டுகொண்டாள். நேராகப் போய், அவள் கையை எடுத்து, மாதாமாதம் நான் ஒட்ட வெட்டிவந்த தன் தலையில் வைத்தாள். நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. தடவிக்கொடுக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பாயில் கிடந்த குழந்தை வீறிட்டது. மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள், தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள், பாயை நோக்கி ஓடினாள். எதற்கு ஓடினாளோ, எனக்குத் தெரியாது. நான் பிடிப்பதற்குள் நாத்தனார் குழந்தையை வாரிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

மகள் அடங்க வெகுநேரமானது. நாத்தனார் கதவைத் திறந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"மதினி, இவளப் பாத்து நானே பயந்துட்டேனே."

"பச்சப்பிள்ளய வச்சிருக்க. பயப்படத்தான் செய்யணும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இப்போது நாத்தனார் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கும் தீபாவளி கழித்தும் வருகிறாள். மத்தியானம் வந்து விளக்கு வைக்குமுன் போய்விடுவாள். குழந்தை ஓடுகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது, வாய் ஓயாமல் பேசுகிறது. தெருமுனையில் அவர்கள் கார் திரும்பும் சத்தம் கேட்டதுமே என் மகள் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். யாரும் சொல்வதில்லை.

"பாத்தியா, பிள்ளைக்கு இப்ப விவரம் வந்துருச்சு" என்கிறார் மாமியார், நிம்மதியாக.

நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு மாடி ஏறுகிறேன்.