இருபதாம் நாள் நாற்று

அந்தத் திங்கட்கிழமை காலையில் கேன்டீன் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பம்ப் ஆபரேட்டர் ஏகாம்பரம் அண்ணன் என்னைப் பழிவாங்குகிறார் என்று நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய சைக்கிள் டயரில் நான் பிடுங்கிய காற்றைக் குழாய் வழியாகத் திருப்பித் தருகிறாராக்கும் என்று பம்ப் ரூமுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். "தண்ணி காட்டுறவரே, வெளியே வாங்க" என்று கத்தினேன். கேட் வாட்ச்மேன் பின்னாலேயே வந்தார்.

"யாரைக் கூப்புட்டுக்கினு கீற? அவுரு நேத்தே பூட்டாருபா. நெஞ்சுவலியாம். மச்சான்காரன் இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போறான்."

கதவில் பூட்டு தொங்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

நம் தொழிற்சாலையில் யாராவது இறந்தால் நோட்டீஸ் போர்டில் கறுப்புக் கோடு போட்ட தாள் ஒட்டுவார்கள், ஒரு நிமிடம் மெஷின்களை நிறுத்துவார்கள். அண்ணனுக்கு இரண்டும் நடக்கவில்லை. கேட்டால், டெம்பரவரி ஆட்களுக்கு அந்த வழக்கம் இல்லையாம். ஏழு வருடமாக நாம் குடித்த தண்ணீர் மட்டும் பெர்மனன்ட்டாக வந்துகொண்டிருந்தது போல. அதனால்தான் வழக்கமாக ஜோக்கும் விடுகதையுமாகப் போகும் இந்தக் கையெழுத்துப் பத்திரிகையில், கேன்டீன் சுவரில், நான் இதை எழுதி ஒட்டுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.

நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்த முதல் வாரமே அவருக்குப் புல்தடுக்கிப் பயில்வான் என்று பெயர் வைத்தேன். அவ்வளவு ஒல்லி. அவருடைய டிபன் கேரியரின் மேல் தட்டில் உயிர் நண்டு ஒன்றைப் போட்டு மூடியும் வைத்தேன். எங்கள் வீடு பழவேற்காட்டு ஏரிக்கரையில். என் கையில் கிடைக்கும் ஆயுதம் அதுதான். மத்தியானம் அவர் அலறுவார் என்று ஜன்னலுக்கு வெளியே காத்திருந்து, கடைசியில் என் சாப்பாட்டு நேரம் போனதுதான் மிச்சம். மறுநாள் கேட்டில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நண்டு நல்லா இருந்துச்சி நைனா. ஊட்ல மூணு பேரு. நாளைக்கி மூணா வையி." இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

போன சித்திரையில் புது ஷெட் திறப்பு விழா வந்தது. டெல்லியிலிருந்து யாரோ பெரியவர் வருகிறார், ஷெட்டுக்கு முன்னால் நாற்பதடிக்கு முப்பதடி புல்தரை வேண்டும் என்றார் மேனேஜர். முப்பத்தைந்து நாள் கெடு. ஒரு நாள் பச்சையாக இருந்தால் போதும், மறுநாள் செத்தாலும் பரவாயில்லை. தண்ணீர் கையில் இருப்பதால் ஏகாம்பரம் அண்ணன் பொறுப்பு, வாய் அதிகம் இருப்பதால் நான் துணை. புல் பச்சையாக இருந்தால் அண்ணனைப் பெர்மனன்ட் ஆக்குவதாகவும் மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். விழா நெருங்கியபோது அந்தக் கடிதம் டைப்பிஸ்ட் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

முதலில் மேனேஜர் ஊட்டியிலிருந்து சீமைப்புல் விதை தருவித்தார். அண்ணன் ஒரு தட்டில் தூவி வெயிலில் வைத்தார். நூல் மாதிரி முளைத்தது, மூன்றாம் நாள் சுருண்டது. "ஸ்வெட்டரு போட்டுக்கினு வந்த புல்லு. நம்ம ஊர்ல இன்னா பண்ணும், பாவம்" என்றார். கோரை என்றால் கேட்காமலே வரும், ஆனால் வந்தால் போகாது. மிஞ்சியது அருகம்புல். வரப்பிலிருந்து கொடி கொடியாகப் பிடுங்கி வந்து, கணு கணுவாக நறுக்கி, நாலு விரல் இடைவெளியில் ஊன்ற ஆரம்பித்தார். எவ்வளவு நாளில் மூடும் என்று கேட்டேன். ரெண்டு மாசம் என்றார், ரொம்ப சாதாரணமாக.

எனக்குத் தலை சூடாகிவிட்டது. முப்பத்தைந்து நாள் விழாவுக்கு அறுபது நாள் புல். பஸ்ஸில் வரும்போது பொன்னேரியில் பார்க்கிறேனே, விதைத்த ஒரு வாரத்தில் நாற்றங்கால் பச்சைக் கம்பளமாக இருக்கிறது. நெல்லைத் தூவிவிட்டால் என்ன? கேட்டேன். அவர் கொடி ஊன்றுவதை நிறுத்தவில்லை. "சோத்த வெதச்சி பூட்ஸு காலால மெரிக்கச் சொல்றியா? மீனைப் புடிச்சி உங்கப்பன் ரோட்ல போடுவானா?" என்றார். அவர் நெல் பயிரிடும் குடும்பம். நான் வலை வீசும் குடும்பம். தண்ணீரை எவ்வளவு உயரமானாலும் ஏற்றுவார், நம் பேச்சை மட்டும் ஏற்க மாட்டார்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். இதைக் குறும்பு என்றுதான் எல்லாரும் நினைத்தீர்கள். குறும்பு இல்லை. அவருக்கு வேலை நிலைக்க வேண்டும், அவ்வளவுதான். பொன்னேரி மார்க்கெட்டில் இரண்டு மரக்கால் விதைநெல் வாங்கி, கேன்டீன் கன்னியம்மா அக்காவிடம் வழி கேட்டு, ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைவிட வைத்து, அவருடைய ஞாயிற்றுக்கிழமை லீவில் அருகுக்கு நடுவே ஒரு இடம் விடாமல் தூவினேன். கெடு வைத்த பதினைந்தாம் நாள் அது.

புதன்கிழமை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு முளையைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். புல்லுதான், தானாக வந்தது என்றேன்.

"வெதை வாங்கத் தெரிஞ்சிக்கினியே, பத்து நெல்லு மணிய ஈரத்துணில கட்டிப் பாத்தியா?"

"இல்லண்ணே."

"பத்துல ஒம்போது மொளச்சா வாங்கலாம். ஒம்போது போதும். பத்தாவது குருவிக்கி."

திட்டவில்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் அவரே தண்ணீர் பாய்ச்சினார். வேலி கட்டி ஆடுகளை விரட்டினார். தகர டப்பா தட்டிக் குருவி ஓட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் அந்த இடம் கண்ணைப் பறித்தது. மேனேஜர் தினமும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் இந்த மனுஷன் வழிக்கு வந்துவிட்டார் என்று நான் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன். மடையன்.

விழா பத்து மணிக்கு. ஏழு மணிக்கு நான் கேட்டுக்குள் நுழைந்தால், அண்ணனும் அவருடைய வீட்டுக்கார அம்மாவும் மச்சானும் இடுப்பை வளைத்து நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். முக்கால்வாசி முடிந்துவிட்டது. முடி முடியாகக் கட்டி மாட்டுவண்டியில் அடுக்கியிருந்தது. தரையில் சேறு, நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக அருகின் தலைகள். நான் போட்ட சத்தம் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

"இருவது நாளு ஆயிடுச்சி நைனா. இன்னிக்கிப் புடுங்கி நட்டாத்தான் பயிரு. சொர்ணவாரிப் பட்டத்துக்கு மச்சான் கயனி சும்மாக் கெடக்குது" என்றார்.

நாளைக்குப் பிடுங்கக் கூடாதா, ஒரே ஒரு நாள்தானே என்று கெஞ்சினேன்.

"நூறு ஜோடி பூட்ஸு மெரிச்ச அப்பால நாளைக்கி இன்னாத்த நடறது?"

"உன் வேலை போவுதே அண்ணே."

அவர் நிமிர்ந்தார். கை கால் எல்லாம் சேறு. "நாத்து உட்டவன் நடணும். மெரிக்கறதுக்கு நாத்து உடறவன் எந்த ஊர்லயும் கெடையாது. நீ உட்டுட்ட. நான் நடறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

பத்து மணிக்கு வந்த பெரியவரின் கார் நேரே ஷெட் வாசலில் போய் நின்றது. அவர் இறங்கினார், ரிப்பன் வெட்டினார், ஏறினார். புல்தரை இருந்த பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. நாற்று இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார், இல்லாததையும் பார்க்கவில்லை. மேனேஜர் பார்த்தார். டைப்பிஸ்ட் மேசையிலிருந்த கடிதம் அன்று சாயங்காலம் அங்கே இல்லை.

ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் பேசினார், வழக்கம்போல. நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் அடியில் கிடந்த அருகு பிழைத்து, ஆடிக்குள் தரை முழுக்க மூடிவிட்டது. இப்போது நாம் செருப்பைக் கழற்றிவிட்டு மத்தியானம் சாய்ந்து கிடக்கிறோமே, அந்தப் புல்தான். ஒரு நாளைக்குக் கேட்ட புல் நிரந்தரமாக நிற்கிறது. வருகிறவர்களிடம் மேனேஜர் அதைத் தன் ஏற்பாடு என்று காட்டுகிறார். ஊன்றியவர் டெம்பரவரியாகவே போய்ச் சேர்ந்தார். பலர் என்னிடம் வந்து, அண்ணன் எப்பேர்ப்பட்ட மனசுக்காரர் பார்த்தாயா என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. பெர்மனன்ட் ஆகியிருந்தால் நெஞ்சு வலித்த அன்றைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் போயிருப்பாரோ என்னவோ. என் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, திட்டத்தான் ஆள் இல்லை.

ஆவணியில் அறுவடை முடிந்து, ஒரு படி நெல்லைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்திருந்தார். அரிசி இல்லை, நெல். "உன் வெதை" என்றார். கோபத்தில் வாங்கிப் பெட்டியில் எறிந்தவன் அதற்கப்புறம் பிரிக்கவே இல்லை. அவருடைய காரியம் முடிந்து வந்த அன்றைக்குத்தான் பிரித்தேன். பத்து மணியை எண்ணி ஈரத்துணியில் கட்டினேன். ஒன்பது முளைத்தது. பத்தாவதைக் குருவிக்குப் போட்டேன்.

அந்த ஒன்பதும் பம்ப் ரூம் ஜன்னலில் காலி கிரீஸ் டப்பாவுக்குள் இப்போது ஒரு சாண் உயரம் நிற்கின்றன. எங்கள் வீட்டைச் சுற்றி உப்புத் தண்ணீர்தான், ஒரு சாண் வயல் கிடையாது. பொன்னேரியில் அவருடைய மச்சான் கழனிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர் இருந்தபோது நான் கேட்டுவைக்கவில்லை, காரியத்தில் பார்த்த மச்சானிடமும் கேட்கத் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையோடு இருபது நாள்.