ஜமீலா கேட்ட திருத்தம்

கொடைரோடு ரயில் நிலையத்தில் மதுரை வண்டிக்குக் காத்திருந்தபோது அக்பரின் அழைப்பு வந்தது. "அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அடக்கம்" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "நீங்க எழுதுவீங்கன்னு தெரியும். எழுதுங்க. ஆனா இந்தத் தடவையாவது எலிய விட்றாதீங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. மதுரை வண்டி வந்து நின்று போனது. நான் ஏறவில்லை.

அவருடைய அக்கா முனைவர் ஜமீலாவைத் திண்டுக்கல்லில் பலருக்கும் தோல் மண்டிக்காரர் மகளாகத்தான் தெரியும். மூளையின் நரம்புச் செல்களை வெளிச்சத்தால் இயக்கலாம் என்று செய்துகாட்டிய முதல் சிலரில் அவர் ஒருவர். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த ஒரே வேலையைச் செய்தார். ஓய்வு பெற்றதும் ஊருக்கே திரும்பி வந்தார்.

நாளிதழ் நிருபராக நான் அவரை முதலில் சந்தித்தது அவர் விடுமுறையில் வந்திருந்தபோது, மண்டியின் பின்னறையில். தோல் கட்டுகளுக்கு நடுவே ஒரு நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவர் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். "கொளத்துப் பாசியில ஒரு வகை இருக்குண்ணே. வெளிச்சம் இருக்குற பக்கமா நீந்திப் போகும். கண்ணு கெடையாது. வெளிச்சம் பட்டா தொறக்குற கதவு மாதிரி ஒரு புரதம் அதுக்குள்ள இருக்கு. அந்தக் கதவுக்கான மரபணுவை எடுத்து நரம்புச் செல்லுக்குள்ள வச்சோம். நீல வெளிச்சம் காட்டுனா செல்லு பேசுது. அணைச்சா நிறுத்திருது. அம்புட்டுத்தான்."

அந்த 'அம்புட்டு'க்குள் பல ஆண்டுத் தோல்விகள் இருந்தன. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல் முதன்முதலாக வெளிச்சத்துக்குப் பதில் சொன்ன நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "யாருக்கும் சொல்லல. எங்க தப்புப் பண்ணிருக்கேன்னு ஒரு வாரம் தேடுனேன். எங்க அத்தா ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாப்பாரு. ஓட்டை இருந்தா அவரே சொல்லிருவாரு, வாங்குறவன் கண்டுபிடிக்கட்டும்னு விடமாட்டாரு" என்றார்.

அப்போது அவர் வலிப்பு நோய் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். மூளையில் மற்ற செல்களை அடக்கிவைக்கும் செல்கள் சில உண்டு. முடியளவு மெல்லிய கண்ணாடி இழை வழியாக அவற்றுக்கு நீல வெளிச்சம் காட்டி, எலிகளுக்கு வரும் வலிப்பை நடுவிலேயே நிறுத்திக் காட்டியிருந்தார். "எலிக்கு வைத்தியம் பாக்கவா அம்புட்டுத் தூரம் போனேன்னு அம்மா கேக்குறாங்க" என்று சிரித்தார். நான் கிளம்பும்போது என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். "எலின்னு எழுதிருக்கீங்கள்ல? எத்தனை எடத்துல வருதோ அத்தனை எடத்துலயும் போடுங்க. மனுசங்களுக்கு இது வர்றதுக்கு இன்னும் ரொம்ப நாள் ஆகும்."

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. 'நீல ஒளியால் வலிப்பு நிற்கும்: திண்டுக்கல் பெண் விஞ்ஞானி சாதனை.' அதில் எலி ஓர் இடத்திலும் இல்லை. தலைமை அலுவலகத்தில் வெட்டிவிட்டார்கள் என்று ஜமீலாவிடம் சொன்னேன். அக்பரிடமும் அதையே சொன்னேன். வெட்டியது நான். எலி என்றால் வாசகர்கள் சிரிப்பார்கள், செய்தி உள்பக்கத்துக்குப் போய்விடும் என்று நினைத்தேன். என் கைப்பிரதியில் எட்டு இடத்தில் அந்தச் சொல் இருந்தது. எட்டையும் நீலப் பேனாவால் அடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து வடமதுரைப் பக்கத்திலிருந்து கருப்பையா என்ற பூ விவசாயி மண்டிக்கு வந்து, எந்த நீல பல்பு நல்லது என்று கேட்டிருக்கிறார். ஜமீலா அப்போது தன் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக மறுபடி ஊருக்கு வந்திருந்தார். அன்றே என்னை அழைத்தார். "வாங்கண்ணே, போவோம். நம்ம ரெண்டு பேரும் போகணும்."

பட்டப்பகலில் அந்த வீட்டுக்குள் நீல பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பாயில் பத்து வயது வள்ளி உட்கார்ந்திருந்தாள். புருவத்துக்கு மேல் தையல் போட்ட கட்டு. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். தாய் ஓடிவந்து தூக்கியிராவிட்டால் தொட்டிக்குள் சரிந்திருப்பாள்.

"பல்பு வாட்டு பத்தலையோ தாயி?" என்று கருப்பையா கேட்டார்.

ஜமீலா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "பல்பு இதுக்கு ஆகாதுங்கய்யா. நாங்க செஞ்சது எலிக்கு. பிள்ளைக்கு மாத்திரைதான். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம், நானும் வாரேன்."

"பேப்பர்ல போட்ருந்தாகளே. பேப்பர்ல பொய்யவா போடுவாக?" அவர் ஜமீலாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சட்டைப்பையில் பேனா செருகிய ஆளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார். நான் பல்பைப் பார்த்தேன். பிறகு ஜமீலாதான், "தப்பு எங்க மேலதாங்கய்யா" என்றார்.

திரும்பும் பேருந்தில் அவர் சொன்னது இரண்டே வாக்கியம். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஒரு திருத்தமாவது போடுங்க."

போடுகிறேன் என்றேன். எங்கள் தொழிலில் திருத்தம் என்பது உள்பக்க மூலையில் நான்கு வரி. வாசகர்கள் பலர் பார்க்கவே மாட்டார்கள். ஆனால் எழுதிய நிருபரின் பெயர் தலைமை அலுவலகக் கோப்பில் ஏறும். அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. அந்த நான்கு வரியை நான் அனுப்பவே இல்லை. பதவி உயர்வு வந்தது.

ஜமீலா அதற்குப் பிறகு திருத்தத்தைப் பற்றிக் கேட்டதில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வடமதுரைக்குப் பேருந்தில் போய், வள்ளியின் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு வருவார். அக்பர் கேலி செய்தால், "என் பேரைப் போட்டுத்தானே வந்துச்சு" என்பாராம்.

அடக்கத்தன்று மாலை அவர்கள் வீட்டு வாசலில் வள்ளியைப் பார்த்தேன். இப்போது தையல் கடை வைத்திருக்கிறார். புருவத்தின் மேல் தழும்பு இருக்கிறது. "நீங்க டாக்டரம்மாகூட வந்தவருதான?" என்று கேட்டார்.

"அந்தச் செய்தியை எழுதினதே நான்தாம்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

"தெரியும் சார். நான் பெரியவளானதும் டாக்டரம்மா சொல்லிட்டாக. அவராச் சொல்ற வரைக்கும் நீ கேக்காதன்னாக." பிறகு, "அப்பா கடைசி வரைக்கும் பல்புலதான் கொறைன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டாரு" என்றார்.

அன்றிரவே வீட்டுக்குப் போய்ப் பழைய காகிதங்களைத் தேடி எடுத்தேன்.

ஜமீலாவின் நினைவாக என்னிடம் புகைப்படம் கிடையாது. எட்டு இடத்தில் அடித்த அந்தக் கைப்பிரதி இருக்கிறது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடித்த கோட்டுக்குக் கீழே எலி இன்றும் தெரிகிறது. இனி அதை மேசை மேலேயே வைத்திருப்பேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் படிக்க முடியாத நாளில் அதைச் செய்கிறேன்.

திருத்தம்: நீல ஒளியால் வலிப்பு நிற்கும் என்று முன்னர் வெளியான செய்தியில், அந்தச் சோதனை எலிகளிடம் மட்டுமே நடந்தது என்பது விடுபட்டிருந்தது. விட்டவர் நிருபர். முனைவர் ஜமீலா அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.