எம்.சி.யில் இருந்தபோது செய்த வேலை

முதலில் மரத்தது வலது கட்டைவிரல். காய்கறிப் பசாரில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எடுத்தது கையிலிருந்து நழுவியதே தெரியவில்லை. சில வாரங்களில் சட்டைப் பொத்தானைக்கூட மாட்ட முடியாமல் போனது.

உங்களுக்கும் இப்படித் தொடங்கியிருந்தால், டாக்டரிடம் போகுமுன் என் கதையைக் கேட்டுவிடுங்கள். நான் என் டாக்டரிடம் பாதியை மறைத்தவள்.

எனக்கு வந்தது கார்ப்பல் டனல் (மணிக்கட்டு வழியாக விரல்களுக்குப் போகும் நரம்பு நசுங்குவது). "என்னம்மா வேல செய்றீங்க?" என்றார் டாக்டர். செங் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை என்றேன். இரண்டு மாதம் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எழுதிக் கொடுத்தார். கைக்கு ஓய்வு தராவிட்டால் கட்டைவிரலின் சதையே வற்றிவிடும், பிறகு பிடிமானம் இருக்காது என்று எச்சரித்தார்.

நான் சொல்லாமல் விட்டது இன்னொரு வேலை. பழைய அச்சுப்பொறிகளைக் கணினியோடு இணைத்து இயக்கும் இலவச மென்பொருள் ஒன்றைப் பராமரிப்பது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். தொண்ணூறுகளின் கடைசியில், பல நாடுகளிலிருந்து மின்னஞ்சலில் வந்த திருத்தங்களைச் சோதித்துச் சேர்த்தது நான்தான். என்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

என் கணவர் சேகர் லோரி ஓட்டுகிறார். மெர்லிமாவ் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டு, சோறும் வடித்து வைத்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் கணினி முன் உட்காருவேன். என் கை நோவது தெரிந்த மென்பொருள் குழுவினரிடமிருந்து, "கை எப்படி இருக்கிறது?" என்று மின்னஞ்சலில் ஒரு வரி வந்திருக்கும். அடுத்த வரியிலேயே, "இரண்டாம் பக்கம் இன்னும் சாய்ந்தே அச்சாகிறது, எப்போது சரிசெய்வீர்கள்?" பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவேன். பிறகு மாலை வரை அவர்களுக்காகத் தட்டுவேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். சதை வற்றத் தொடங்கியிருந்தது. "வேலைக்கே போகல, அப்புறம் எப்படி மோசமாச்சு?"

உடன் வந்திருந்த சேகர் கொதித்தார். "அந்த ஃபேக்டரிதான் டாக்டர் இவ கைய கெடுத்துச்சு. நாளைக்கே போயி அந்த சூப்பர்வைசர கேக்கறேன்லா."

அந்த சூப்பர்வைசர், என் கை நோகிறது என்று தெரிந்ததுமே என்னை இலகுவான வேலைக்கு மாற்றியவர். அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாருக்கு செஞ்ச?" என்றார் சேகர்.

"தெரியாதுங்க. யாரையும் பாத்ததில்ல."

"தெனம் தலை பின்னிவிட்டேனே. அப்பகூட சொல்லத் தோணலயா?"

மடியில் கிடந்த கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு (நரம்பை அழுத்தும் பட்டையை வெட்டித் தளர்த்துவது) முன், விலகுகிறேன் என்று குழுவுக்கு எழுதினேன். நான் சொல்லச் சொல்ல, சேகர்தான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். மூன்றே வாரத்தில் வேறொருவர் புதிய பதிப்பை வெளியிட்டார். இரண்டாம் பக்கம் நேராக அச்சானது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கசந்தது. இதற்காகவா விரலைக் கொடுத்தேன்?

அறுவை சிகிச்சைக்குப் பின் மரமரப்பு குறைந்துவிட்டது. வற்றிய சதை திரும்பவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதைப் பிடித்தாலும் அரை மணி நேரத்தில் கை போதும் என்கிறது. முன்பெல்லாம் அது சொன்னதை நான் கேட்டதே இல்லை. இப்போது அது சொன்னதும், வேலை பாதியில் கிடந்தாலும் எழுந்துவிடுகிறேன்.