ஐஸ் பெட்டிக்கு யார் நட்சத்திரம் போடுவார்கள்?

என் அக்கா செய்யும் தொழிலில், வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்று சாமி கும்பிட முடியாது. ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறாள். இறந்தவரை, உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை கிடத்தி வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. அவள் போன் அடிக்கிறது என்றால் புதுச்சேரியில் எங்கோ ஒரு வீட்டில் அழுகிறார்கள் என்று பொருள். அந்த போனை அடிக்க வைப்பது என் வேலை.

நான் இணையதளங்களைத் தேடுபொறியில் மேலே கொண்டுவருகிறவன். கடற்கரைப் பக்கத்துத் தங்கும் விடுதி, யோகா வகுப்பு, கேக் கடை, பல் டாக்டர் என்று ஊரில் பலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது என்னிடம், "கம்ப்யூட்டர்ல என்னாதான் பண்றப்பா நீ?" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போதெல்லாம் பதிலே சொல்வதில்லை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடியபோது கையில் கிடைத்ததைப் போட்டு ஒரு பெட்டி வாங்கினார். எல்லாரும் சிரித்தார்கள். இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். அதிலும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளில், பிரான்சிலிருந்து மகன் வந்து இறங்கும்வரை பெரியவரை எடுக்கமாட்டார்கள். பெட்டி ஓயாமல் ஓடியது. இன்னும் சில பெட்டிகள் வாங்கினார். பிறகு அவரும் ஒரு நாள் தன் பெட்டி ஒன்றிலேயே படுத்துப் போய்ச் சேர்ந்தார். "பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பொழப்பு, வித்துட்டு சும்மா இரு" என்று மாமா வீட்டார் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த போன் நேராகத் தன் கைக்கு வர வேண்டும். தானே பேச வேண்டும், தன் பெட்டி தன் பெட்டியாகவே போய் இறங்க வேண்டும். அழுகிறவர்களிடம் பேசத் தெரிந்தவள் அவள். முகவரி கேட்கும் முன்னால், "பக்கத்துல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்பாள். எதிர்முனையில் ஒரு மூச்சு இழுபடும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

நான் அவளுக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்தேன். முதலில் 'உடல் குளிர்பதனப் பெட்டி' என்று அழகாக எழுதி வைத்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு எவன் அப்படித் தேடுவான்? ஐஸ் பெட்டி பாண்டி என்று ஆங்கில எழுத்தில், தப்பும் தவறுமாகத் தட்டுவார்கள். அந்த வார்த்தைகளையே பக்கத்தில் வைத்தேன். ஊர்ப் பேர்களைச் சேர்த்தேன், எண்ணை மேலே பெரிதாகப் போட்டேன். மெல்ல மேலே ஏறி, கடைசியில் முதல் இடத்தில் போய் உட்கார்ந்தது. வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அக்கா கேட்டாள். "யாருடா அது, நம்மள மேல வக்கிறதும் கீழ வக்கிறதும்? நல்லவனா?"

"ஆளு இல்லக்கா. மெஷினு."

"ஆளே இல்லாம எப்பிடிடா நல்லது கெட்டது பாக்கும்?"

என்னால் முடிந்தவரை சொன்னேன். அது உலகத்தில் உள்ள பக்கங்களையெல்லாம் ஓயாமல் படித்து வைத்துக்கொள்கிறது. ஒருவர் தேடினால் அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் பொருந்துகிறது, வேறு யார் யார் அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள், கடை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பக்கம் சட்டென்று திறக்கிறதா, அந்தக் கடைக்குப் போனவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து வரிசை கட்டுகிறது. எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லாது. அவ்வப்போது எடையை மாற்றும். மாற்றினால் நேற்று முதலில் இருந்தவன் இன்று எங்கே என்று தேட வேண்டும்.

"அப்ப மாமியார் மாதிரின்னு சொல்லு" என்றாள். அவள் சிரித்த சில நாட்களில் அதுவும் ஒன்று.

பிறகு எடை மாறியது. எங்கள் பக்கம் இறங்க ஆரம்பித்தது. நான் உட்கார்ந்து குடைந்து பார்த்தேன். மேலே போனவர்கள் எல்லாருக்கும் வாடிக்கையாளர்கள் போட்ட நட்சத்திரங்கள் குவிந்து கிடந்தன. அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை. கேக் கடைக்கும் விடுதிக்கும் இதற்கு நான் வைத்திருந்த வழி சுலபமானது. வேலை முடிந்ததும் ஒரு செய்தி அனுப்புவோம். நன்றி, எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள். அதையே கொஞ்சம் அடக்கமாக எழுதி அக்காவிடம் காட்டினேன். அவள் படித்தாள். போனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எழவு வூட்டுல இருந்து கெளம்பறப்ப போய்ட்டு வரேன்னு சொல்லுவியாடா நீ?"

"மாட்டேன்."

"காப்பித் தண்ணி குடுத்ததுக்கு நன்றி சொல்லுவியா?"

"மாட்டேன்க்கா, ஆனா இது..."

"அப்பனையோ ஆத்தாளையோ கொண்டுபோய் எரிச்சிட்டு வந்து ஒக்காந்திருக்கிறவங்கிட்ட பொட்டி நல்லா இருந்துச்சா, ஸ்டாரு போடுன்னு கேக்கச் சொல்றியா? என்னா படிப்புடா படிச்ச நீ?"

அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் சொன்னது சரி. இந்த ஊரில் துக்க வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோகிறவர்கள் இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் திரும்புவார்கள். எடுத்துப் போக வரும்போதும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த மௌனம்தான் மரியாதை. அந்த மௌனத்தைப் படிக்கத் தேடுபொறிக்குத் தெரியாது. யாரும் எதுவும் சொல்லாத கடை, அதன் கணக்கில் யாரும் போகாத கடை.

முதலிடத்துக்கு வந்தது சென்னையிலிருக்கும் ஒரு தரகு நிறுவனம். அவர்களிடம் ஒரு பெட்டிகூடக் கிடையாது. புதுச்சேரி, காலாப்பட்டு, சேதராப்பட்டு, கடலூர், விழுப்புரம் என்று ஊருக்கு ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். ஊர்ப் பேரை மட்டும் மாற்றி மற்றதெல்லாம் அப்படியே. கீழே நட்சத்திரங்கள். அதில் ஒரு புண்ணியவான், 'மிக அருமை, மீண்டும் மீண்டும் பயன்படுத்துவோம்' என்று எழுதியிருந்தான். அடப்பாவி, எத்தனை பேரை எடுக்கப் போகிறாய் என்று கத்தினேன்.

அக்கா முதலில், "போன் வரலன்னா யாரும் சாவலன்னு அர்த்தம், நல்லதுதானடா" என்றாள். அந்த வாரமே அவள் தெருமுனை வீட்டில் ஒரு துக்கம். வேறொருவர் பெட்டி வந்து இறங்கியது. மாலையோடு போய்விட்டு வந்தவள், குளித்துவிட்டு என்னை அழைத்தாள். "அந்தப் பையன் எனக்குத் தெரிஞ்ச பையன்டா. என் நம்பர் தெரியாம போச்சா அவனுக்கு? போனைத் தட்டிப் பாத்தானாம். மேல இருந்தத அமுக்கிட்டானாம்."

அப்போதுதான் அந்த மெஷினுக்கு இன்னொரு மனமாற்றம் வந்தது. வார்த்தைகளை அடைத்து வைத்த பக்கங்களைவிட, அனுபவப்பட்டவர் எழுதியதுபோல உண்மையில் உதவுகிற பக்கங்களை மேலே வைக்கப் போவதாகப் பேச்சு. இதுதான் நமக்கு நேரம் என்று அக்காவைப் பேச விட்டு நான் எழுதினேன். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், டாக்டரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும், பெட்டியை வைக்க எப்படிப்பட்ட பிளக் வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வது, பிள்ளை வெளிநாட்டிலிருந்து வர எத்தனை நாள் தாங்கும், குழந்தைகளை அருகில் விடலாமா. ஒரு பிரெஞ்சு ஆசிரியை அதைப் பிரெஞ்சிலும் எழுதித் தந்தார். பாரிசில் இருக்கும் பிள்ளைகள் அந்த மொழியில்தான் தேடுவார்கள்.

பக்கம் ஏறியது. போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. ஒரு பெண் பிரான்சிலிருந்து பேசி, பாதி பிரெஞ்சும் பாதித் தமிழுமாக அழுதாளாம். அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாளாம்.

அது நீடிக்கவில்லை. தேடுபொறி தானே பதில் சொல்ல ஆரம்பித்தது. கேள்வியைத் தட்டினால் வரிசைக்கு மேலே, தன் சொந்த அறிவுபோல, பத்தி பத்தியாகப் பதில். படித்துப் பார்த்தேன். அக்கா எனக்குச் சொன்ன பதில்கள். குழந்தைகளை அருகில் விடலாமா என்பதற்கு அவள் சொன்னதுகூட இருந்தது. அவள் எண் மட்டும் எங்கோ கீழே கிடந்தது. படித்தவர்கள் பதிலோடு திருப்தியாகிவிட்டார்கள். பெட்டி வேண்டியவர்கள் அதற்கு அடுத்திருந்த தரகு நிறுவனத்தை அமுக்கினார்கள்.

அந்த நிறுவனமே ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டது. போன் நாங்கள் எடுக்கிறோம், பெட்டியை நீங்கள் அனுப்புங்கள். பெட்டியில் உங்கள் பேர் இருக்கக் கூடாது. போகிற வீட்டில் உங்கள் எண்ணைத் தரக் கூடாது, பெட்டி உங்களுடையது என்றும் சொல்லக் கூடாது. அக்கா ஒத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டதும் நான் நேராகப் போய்க் கத்தினேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்கக் கூடாதா? திரும்ப மாறும்க்கா, நான் மாத்திக் காட்றேன்."

"உன் மெஷினு மனசு மாறட்டும்டா. அதுவரைக்கும் நம்ம பொட்டி வண்டி ஓட்டுற டிரைவரு வூட்ல ஒல கொதிக்க வேணாமா?"

நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

அப்பா முத்தியால்பேட்டை வீட்டில் என்னோடு இருந்தார். ஒரு நாள் காலையில் காப்பிக்கு எழுப்பப் போனேன். எழவில்லை. டாக்டரை அழைத்து வந்தேன். அக்கா ஆட்டோவில் வந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அண்ணன் பிரான்சிலிருந்து வர வேண்டும். பெட்டி வேண்டும். நான் அக்காவின் பக்கம் போகும்போது சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவகிட்ட கேக்காத. அப்பனப் பறிகுடுத்துட்டு ஒக்காந்திருக்கா. பெத்த பொண்ணையா பொட்டி கொண்டாரச் சொல்றது? இன்னிக்கி அவ மக, அவ்ளோதான். நான் பாத்துக்கறேன்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தெரிந்தவர் யாரையோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். டாக்டர் எழுதித் தருவதை வாங்க அவர் கிளினிக்குக்குப் போனேன். சித்தப்பா வாசலுக்குப் போய் போனில் தேடினார் என்பது எனக்குத் தெரியாது.

நான் திரும்பி வந்தபோது அக்காவின் போன் அடித்தது. எந்த நிலையிலும் அந்த போனை அவள் அடிக்க விடமாட்டாள். எடுத்தாள். கூடத்தில் அழுகை கொஞ்சம் அடங்கியிருந்த நேரம், எதிர்முனையில் அந்தத் தரகு நிறுவனத்துப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது.

"மேடம், முத்தியால்பேட்டைல ஒரு பாடி. ஏஜ்டு, மேல். ரெண்டு நாளைக்கி கேக்கறாங்க. அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

சொன்னாள். எங்கள் தெரு. எங்கள் கதவு எண். அக்கா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத வேணாம்மா. எங்கப்பா வூடுதான்."

அந்தப் பெண் மெதுவாக, "சாரி மேடம். வேற யாருக்காச்சும் குடுத்துடட்டுமா?" என்றாள்.

"வேணாம். நானே அனுப்பறேன்."

டிரைவரைக் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் சொன்னாள். பெட்டி வந்தது. டிரைவர் அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று தேம்பினான். நாங்கள் அப்பாவை எடுத்து உள்ளே கிடத்தினோம். சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிரைவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

மதியத்துக்கு மேல் கூட்டம் சேர்ந்தது. மாமா வீட்டாரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெட்டியைச் சுற்றி வந்து, கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொட்டி சுத்தமா இருக்கே, யாருது?" என்று பொதுவாகக் கேட்டார். சித்தப்பா தன் போனைப் பார்த்து அந்தச் சென்னை நிறுவனத்தின் பேரை வாசித்தார்.

அக்கா தலையைத் தூக்கினாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"என்னுது. எம்புருஷன் வாங்குன பொட்டி. இனிமே எந்த வூட்ல யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவேன்."