இல்லாத வாசகி எழுதிய கடிதம்

ஸ்ரீரங்கத்தில் இலவசமாக ஒரு சிறுகதை இதழ் நடத்துகிறேன். ஓர் இதழுக்கு வாசகர் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. பக்கத்தை நிரப்ப, அரியமங்கலம் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஆரோக்கியசாமியின் முதல் கதையைப் பாராட்டி நானே ஒரு கடிதம் எழுதி, 'கலா, எடமலைப்பட்டி புதூர்' என்று போட்டுவிட்டேன்.

இதழ் வந்து இரண்டு வாரம் கழித்து, அவர் புதுக் கதையோடு வந்தார்.

"ரெண்டு ஞாயித்துக்கிழமையா புதூர் முழுக்கத் தேடிட்டேன் சார். கலா மேடம் அட்ரஸ் குடுங்க. இதை அவங்கதான் முதல்ல படிக்கணும்."

கூனிக்குறுகி உண்மையைச் சொன்னேன்.

"அப்ப யாருமே படிக்கலையா சார்?" என்றவர், கதையைக் கொடுக்காமலே போய்விட்டார்.

அவர் கதை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அதை என் பெயரிலேயே சொல்லியிருக்கலாம். இப்போதெல்லாம் கடிதம் வராவிட்டால் அந்தப் பக்கத்தைக் காலியாகவே விடுகிறேன். கதை பிடித்தால், எழுதியவருக்கு நானே போன் செய்து சொல்கிறேன். ஆரோக்கியசாமி மட்டும் என் போனை எடுப்பதில்லை.