தானாக வெடிக்காத துப்பாக்கி

நூர் முகமதுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, அவருடைய அண்ணன் அப்துல் ஜப்பார் தம்பி மனைவி சைதூனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவர். சொந்தக்காரர்கள் மத்தியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"கடைய என்ன செய்யலாம்னு இருக்கே?"

"தொறக்கப் போறேன் மச்சான்."

"அது பலசரக்குக் கடை இல்ல சைதூன். துப்பாக்கி ரிப்பேர் கடை. லைசென்ச ஒப்படைச்சுட்டு வேற ஏதாவது பாரு. பொம்பள துப்பாக்கியக் கழட்டி மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா ஊர்ல என்ன பேசுவான்?"

"அவருக்குச் சக்கரையில கண்ணு போனதுக்கப்புறம் கழட்டி மாட்டுனது யாருன்னு நெனச்சீங்க?"

அப்துல் ஜப்பாருக்கு அது தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. கடையில் தடுப்புக்குப் பின்னால் புருஷனும் பொண்டாட்டியும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். அவர் காதால் கேட்பார், அவள் விரல்கள் வேலை செய்யும். "குதிரை சத்தம் சரியில்ல, மறுபடி அரம் போடு" என்பார். துப்பாக்கியின் பின்னால் நிமிர்ந்து நின்று, விசையை அழுத்தியதும் விழுந்து அடிக்கிற சிறு சுத்தியலுக்கு இந்தப் பக்கத்தில் குதிரை என்று பெயர். சைதூன் பூட்டுப் பட்டறை வீட்டில் பிறந்தவள். அரமும் ஸ்பிரிங்கும் அவளுக்குப் புதிதில்லை.

இது நடந்தது தொண்ணூற்றிரண்டில். லைசென்சைத் தன் பெயருக்கு மாற்ற அவள் கலெக்டர் ஆபீசுக்கு நடையாக நடந்தாள். இந்த மாவட்டத்தில் பெண் பெயரில் இதுவரை கொடுத்ததில்லை என்றார் அங்கிருந்த அதிகாரி. கொடுக்கக் கூடாதென்று சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். அப்படி இல்லை என்றார். "அப்ப குடுங்க சார், நானும் இதுக்கு முன்னாடி வாங்கினதில்ல" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. ஆனால் கிடைத்தது.

வேலை நிறைய வந்தது என்று சொல்ல முடியாது. தோட்டக்காரர்களின் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள், பன்றி விரட்ட லைசென்சு வாங்கிய விவசாயிகளின் கரிமருந்துத் துப்பாக்கிகள், பலூன் சுடும் கடைக்காரர்களின் ஏர்கன்கள். மகள் ஷப்னத்தைப் படிக்க வைக்க அது போதும்.

தொண்ணூற்றேழில் மழைக்காலம் முடிந்த சமயம், சிறுமலை அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருந்த வெள்ளைச்சாமி ஒரு ரைபிளோடு வந்தார். காரை விட்டு அவர் இறங்கவில்லை. அவருடைய மேனேஜர் சூசைராஜ்தான் உறையோடு எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். வெள்ளைக்காரன் காலத்தில் எஸ்டேட்டில் இருந்து கைமாறி வந்த லீவர் ரைபிள். தோட்டா சிக்கிக்கொள்கிறது என்றார்.

சைதூனுக்கு அந்த வகைத் துப்பாக்கி பிடிக்கும். விசையைச் சுற்றி இருக்கிற இரும்பு வளையம்தான் லீவர். அதைக் கீழே தள்ளினால் உள்ளே போல்ட் என்கிற இரும்பு உருளை பின்னால் வரும். வருகிற வழியில் சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தட்டிவிடும், குதிரையையும் சாய்த்து நிறுத்திவிடும். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய்; அதில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். விசைப் பக்கமாகக் கடைசியில் இருக்கிற ஒன்றை ஒரு சின்னத் தட்டு மேலே தூக்கிக் கொடுக்கும். லீவரை மேலே இழுத்தால் போல்ட் அந்தத் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும். எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு இரும்புக் கட்டை கீழிருந்து எழும்பி, போல்ட் பின்வாங்காதபடி முட்டுக்கொடுத்து நிற்கும். கை ஒரு தரம் கீழே போய் மேலே வருவதற்குள் இத்தனையும்.

தட்டு தேய்ந்திருந்தது. அதைச் சரிசெய்ததும் தோட்டா சிக்கவில்லை. ஆனால் உள்ளே இன்னொன்றையும் அவள் பார்த்தாள். தோட்டாவைக் குத்துகிற ஊசி அந்த ரைபிளில் இரண்டு துண்டு. பின்துண்டை ஒரு குட்டி ஸ்பிரிங் சற்றே சாய்த்து வைத்திருக்கும். முட்டுக்கட்டை முழுக்க எழும்பி அதை நிமிர்த்தினால்தான் இரண்டு துண்டும் நேர்கோட்டில் நிற்கும். அதற்குமுன் குதிரை விழுந்தாலும் அடி தோட்டாவுக்குப் போய்ச் சேராது. அந்த ஸ்பிரிங் உடைந்திருந்தது. கேட்காமலேயே புதிது போட்டாள். லீவர் துப்பாக்கியின் மரப்பிடியோடு ஒட்டி அழுந்தினால் தவிர விசை அசையக்கூடாது என்பதற்கு இருக்கிற இன்னொரு பூட்டையும் சோதித்தாள். இரண்டும் சரியாக இருந்தன. சூசைராஜிடம் காட்டி விளக்கிக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த மாசி மாதம் ஒரு காலையில் வெள்ளைச்சாமியின் தோப்பு வேலியோரம் கருப்பணன் என்பவன் குண்டடிபட்டுச் செத்தான். ஆடு வளர்க்கிறவன். அந்த வேலிக்குள் அடைபட்ட வண்டிப்பாதை பொதுப்பாதை என்று தாலுகா ஆபீசில் மனு கொடுத்து வழக்காடிக்கொண்டிருந்தவன். அவன் மனைவி ஒச்சாயி கொஞ்சம் தள்ளி ஆடுகளோடு நின்றிருந்தாள். குறிபார்த்துச் சுட்டார் என்றாள் அவள். வெள்ளைச்சாமி வேறு மாதிரி சொன்னார். பன்றி வந்தது, தோட்டா ஏற்றினேன், லீவரை முழுசாக மூடவே இல்லை, பாதியிலேயே தானாக வெடித்துவிட்டது, விசைப் பக்கம் என் விரலே போகவில்லை. பார்த்த சாட்சி வேறு யாரும் இல்லை.

முதலில் சைதூன் கடைக்கு வந்தது போலீஸ் இல்லை, சூசைராஜ்.

"அக்கா, ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஸ்பிரிங்கு பழசு, எப்ப வேணா உடையும்னு முதலாளிகிட்ட அப்பவே சொன்னேன்னு. உங்க மேல ஒரு பழியும் வராது. விபத்துன்னு முடிஞ்சுரும்."

"நான் போட்டது புதுசுண்ணே. உங்ககிட்டத்தானே காட்டுனேன்."

சூசைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய நான்கு பிள்ளைகளும் முதலாளியின் தோப்பு வீட்டில்தான் வளர்ந்தன. மெதுவாகச் சொன்னார்: "இல்லேன்னா நீங்க தப்பா மாட்டிட்டீங்கன்னு சொல்லிருவாங்கக்கா. வக்கீலு அப்புடித்தான் சொல்றாரு."

"சொல்லட்டும். தப்பா மாட்டுனாளா இல்லையான்னு துப்பாக்கி சொல்லும்."

இரண்டு நாளில் அப்துல் ஜப்பார் வந்தார். கடைக்குள் காலெடுத்து வைக்காமல் வாசலிலேயே நின்று பேசினார். அவரிடம் தோல் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வெள்ளைச்சாமிக்கு வேண்டியவர்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். "ஒரு பொய்யி. ஆளக் கொல்லுற பொய்யா? செத்தவன் செத்துட்டான். உனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்கு."

"அதனாலதான் மச்சான். என் கை வேலை ஒருத்தனக் கொன்னுச்சுன்னு ஒப்புக்கிட்டு நாளைக்கு அவ மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

"நீ சொல்லலேன்னா என் வாசல மிதிக்காத."

"சரி மச்சான்" என்றாள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனார். அந்த வாசலை அவள் அதற்குப்பின் மிதிக்கவே இல்லை.

இவையெல்லாம் அவளை அசைக்கவில்லை. அசைத்தது ஒச்சாயி. ஒரு மத்தியானம் பஸ் பிடித்து, கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே வந்ததும் உட்காரவில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றாள்.

"நீதான அந்தத் துப்பாக்கியச் சரி பண்ணிக் குடுத்தவ?"

"ஆமா."

"நீ பண்ணாம இருந்திருந்தா அது சுட்டிருக்குமா?"

சைதூனுக்குச் சொல்வதற்குச் சொற்கள் இருந்தன. நான் இல்லாவிட்டால் மதுரையில் கொடுத்திருப்பார். வேறு துப்பாக்கி எடுத்திருப்பார். அவற்றை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"சிக்கிக்கிட்டுக் கெடந்துச்சு தாயி. நான்தான் சரி பண்ணேன்."

ஒச்சாயி ஒரு அடி முன்னால் வந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று சைதூன் காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"நல்லாப் பண்ணுனியா?"

"நல்லாத்தான் பண்ணேன். தானா வெடிக்காது. அதத்தான் கோர்ட்டுல வந்து சொல்லப் போறேன்."

"சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒச்சாயி படியிறங்கிப் போனாள். அன்று சைதூனால் அரத்தைக் கையில் எடுக்க முடியவில்லை. ஆனாலும் கடையை வழக்கமான நேரத்துக்கு முன்னால் சாத்தவில்லை. யாராவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தோட்டக்காரர்கள் வருவது நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் போர்டில் நூர் முகமது பெயர்மேல் தார் அப்பியிருந்தது. சுரண்டிப் பார்த்தாள், போகவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டுப் பலகையைக் கவிழ்த்துப்போட்டு மறுபக்கத்தில் எழுதச் சொன்னாள். என்ன எழுத என்று கேட்டார். "நூ. சைதூன், துப்பாக்கி பழுது பார்க்குமிடம்னு எழுதுங்க. எழுத்து பெருசா இருக்கட்டும், பஸ்ஸுல போறவனுக்கும் தெரியணும்." லைசென்சு புதுப்பிக்கக் கொடுத்தது நகராமல் கிடந்தது. ஏன் என்று கேட்டால், விசாரணை நடக்கிறது என்ற பதில் மட்டும் வந்தது. அந்த வருடங்களில் ஏர்கன்களும், ஷப்னம் பள்ளிக்கூடம் விட்டுவந்து கூடமாட உதவிய தையல் மிஷின் ரிப்பேரும்தான் சோறு போட்டன.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது இரண்டாயிரம் பிறந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த ஆய்வுக்கூட அதிகாரி, துப்பாக்கியின் உள்பாகங்கள் எல்லாம் ஒழுங்காக இயங்குகின்றன என்று அவள் சொல்லப்போவதையே முதலில் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேண்டியது சைதூன்தான். கூண்டில் ஏறினாள். கருப்புப் புடவைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பூட்டுப் பட்டறையிலதான் தொழில் கத்துக்கிட்டீங்க, இல்லையா?" என்றார் வக்கீல்.

"பாதி அங்க. மீதி எங்க வீட்டுக்காரர்கிட்ட."

"பூட்டும் துப்பாக்கியும் ஒண்ணாம்மா?"

"இந்தத் துப்பாக்கியில ஒரு எடத்துல ஒண்ணுதான் ஐயா. பூட்டுக்குள்ள இருக்குற லீவர்த் தகடு எல்லாம் ஒரே கோட்டுக்கு வந்தாத்தான் சாவி திரும்பும். இதுலயும் ஊசி ரெண்டு துண்டு. மூடி முட்டுக் குடுத்தாத்தான் ஒரே கோட்டுக்கு வரும். பாதி மூடுனப்ப வெடிச்சுச்சுன்னா, சாவி போடாமப் பூட்டு தொறந்துச்சுன்னு சொல்ற மாதிரி."

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நீதிபதி ரைபிளைக் கொண்டுவரச் சொன்னார். தோட்டா இல்லை என்று போலீஸ்காரர் காட்டியபிறகு அவள் கையில் கொடுத்தார்கள். லீவரை முழுக்க இறக்கிக் குதிரையைச் சாய்த்து நிறுத்தி, பாதி மட்டும் மூடிப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தாள். அசையவில்லை. இன்னும் மூடினாள், இழுத்தாள். அசையவில்லை. முழுக்க மூடி அழுத்தி இழுத்தாள். குதிரை விழுந்த சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

வக்கீல் சட்டென்று அடுத்ததைக் கேட்டார். "மூடும்போதே ஒருத்தர் விரல் விசைமேல அழுத்திக்கிட்டு இருந்தா? மூடி முடிஞ்ச அந்த நொடியில சுடும்தானே?"

அரசுத் தரப்பு வக்கீல் அவளைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஒச்சாயி தூணோரம் நின்றிருந்தாள்.

"சுடும்."

"அப்ப விபத்தா நடக்க வாய்ப்பிருக்கு?"

"விரல் அழுத்துனா சுடும்யா. விரலே போகலேன்னுதான் அவரு சொன்னாரு. ரெண்டுல எதுன்னு அவரத்தான் கேக்கணும். துப்பாக்கி தானா எதுவும் பண்ணல. என் ஸ்பிரிங்கும் பண்ணல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

கொலை என்று தீர்ப்பு வரவில்லை. விபத்து என்றும் வரவில்லை. கொல்லும் எண்ணம் நிரூபணமாகவில்லை, ஆனாலும் உயிர் போகும் என்று தெரிந்தே சுட்டார் என்று சொல்லி வெள்ளைச்சாமிக்கு ஏழு வருடம் கொடுத்தார்கள். பின்னாளில் மேல்முறையீட்டில் அது ஐந்தாகக் குறைந்தது. ஒச்சாயிக்கு அந்த ஏழே போதவில்லை. தீர்ப்பன்று அவள் கோர்ட்டு வாசலில் சைதூனிடம் நேராக வந்து, "சுடும்னு எதுக்குச் சொன்ன?" என்று கேட்டாள்.

"உண்மை தாயி."

"உன் உண்மையில ரெண்டு வருசம் கொறைஞ்சுபோகும் பாரு" என்றாள் ஒச்சாயி. அவள் கணக்குத் தப்பவில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள், அங்கே டீ குடித்தார்கள்.

லைசென்சுக்காகச் சைதூன் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனாள். விசாரணையே முடிந்தபிறகு எந்த விசாரணை நடக்கிறது என்று அங்கே கேட்டார்கள். புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் ஷப்னத்துக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை மெடிக்கல் ரெப். எல்லாம் பேசி முடித்து, வெற்றிலைத் தட்டை எடுக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் சொன்னார்: "கல்யாணத்துக்கப்புறமாவது கடைய மூடிருங்க சம்பந்தி. எங்க பக்கம் ஒரு மாதிரி பேசுறாங்க."

சைதூன் வாயைத் திறக்குமுன், உள்ளே இருந்து ஷப்னம் முந்தானையைச் சரிசெய்தபடி வந்து நின்றாள். "நான் வேலைக்குப் போவேன், அம்மா கடைக்குப் போவாங்க மாமி. ரெண்டும் முடியாதுன்னா தட்ட எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றாள்.

தட்டு போனது. மறுவருடம் கொடைரோட்டிலிருந்து வேறொரு குடும்பம் வந்தது. அவர்கள் கடையைப் பற்றிக் கேட்டது ஒன்றுதான்: மாப்பிள்ளையின் தாத்தா வைத்துவிட்டுப்போன இரட்டைக்குழல் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது, அதைப் பார்த்துத் தர முடியுமா என்று. லைசென்சு நடப்பில் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் சம்பந்தியானாலும் தொடமாட்டேன் என்றாள் சைதூன். கல்யாணத்துக்காகக் கடையைச் சாத்தியவள், மறுவீட்டு விருந்து முடிந்த மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினாள்.